முகத்துவாரத்துக்குத் தெற்கே

2025 அக்டோபர் 7, செவ்வாய்.

இன்று ஒரு சின்னத் தவறு செய்துவிட்டேன். இரத்தக் குப்பிகள் இருந்த ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்படிக்கட்டில் ஏறி மாடிக்குப் போய்விட்டேன். தரைத்தளம் வடக்கு, மாடி தெற்கு என்று வேலைக்குச் சேர்ந்த அன்றே சொல்லியிருந்தார்கள். வடக்கு இரத்தம் அனுமதி இல்லாமல் தெற்கே போனால் அது எல்லை மீறல். இனிமேல் கவனமாக இருக்க வேண்டும்.

நாளைய வேலை: மன்னிப்புக் கடிதம், இரண்டு பிரதி. ஒன்று கீழே கொடுக்க, ஒன்று மேலே கொடுக்க.

சங்கவி எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தாள். "மாடி தெற்கு" என்ற இடத்தில் சந்தேகம் வந்தது. விஷயம் தெரிந்தவர்களுக்கு அது சரி. தெரியாத ஒருவர் படித்தால் எழுதியவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பார். புதுப்பட்டினத்தில் அவள் போய்வரும் மாலை நேர ஆய்வக உதவியாளர் வகுப்பில், அன்றன்று செய்த தவறையும் மறுநாள் செய்ய வேண்டியதையும் எழுதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் தவறு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். சங்கவிக்கு அந்த இடம் ஒருநாளும் காலியாக இருந்ததில்லை.

மாடி தெற்கான கதையை இங்கே சொல்லிவிடுவது நல்லது.

மாமல்லபுரம் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையில், ஓடாமல் போன ஒரு ரிசார்ட்டில் இயங்குகிறது எல்லைகடந்த மக்கள் நல்வாழ்வு மற்றும் சூழலியல் ஆய்வு நிலையம். எல்லைப் பகுதிகளில் பரவும் நோய்களை ஆராய்வதற்கு மட்டுமே நிதி தருகிற ஒரு வெளிநாட்டு அமைப்பு இதற்குப் பின்னால் இருக்கிறது. இரண்டு நாடு, நடுவே ஒரு எல்லை, இந்தப் பக்கத்துக் கொசு அந்தப் பக்கம் போகிறதா, அந்தப் பக்கத்து எலி இந்தப் பக்கம் வருகிறதா என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இயக்குநர் டாக்டர் ஜெகதீசன் விண்ணப்பம் எழுத உட்கார்ந்தபோது செங்கல்பட்டு மாவட்டத்தில் எல்லை எதுவும் அகப்படவில்லை. கிழக்கே கடல் இருந்தது. ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் ஆராய்ச்சிக்கு ஒத்துழைக்க யாரும் தென்படவில்லை. வரைபடத்தைப் பல நாள் உற்றுப் பார்த்தார். கடைசியில் கழிமேட்டுக்குப்பத்துப் பக்கம், உப்பங்கழி கடலில் போய் விழுகிற முகத்துவாரம், வடக்கே ஒரு ஊராட்சிக்கும் தெற்கே ஒரு ஊராட்சிக்கும் நடுவில் இருப்பதைக் கண்டுபிடித்தார். "எல்லை என்பது நாடுகளுக்கு மட்டும் சொந்தமானதல்ல" என்று விண்ணப்பத்தை ஆரம்பித்தார். நிதி வந்துவிட்டது.

எல்லை என்று ஆன பிறகு அந்தப் பக்கத்துக்கும் ஒரு ஆள் வேண்டும். அதுவரை ஜெகதீசனுக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய டிபன் பாக்ஸில் கைவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த டாக்டர் காசிநாதன், தென்புற இயக்குநராகி மாடிக்குப் போனார். அன்றிலிருந்து இருவரும் கடிதம் மூலமாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். படிக்கட்டுத் திருப்பத்தில் வெள்ளைப் பெயிண்டில் ஒரு கோடு இழுத்தார்கள். காய்ச்சல் இல்லாதவர்களிடமும் சோதனைக்காகக் கீழே எடுக்கும் இரத்தம் மேலே இருக்கும் கருவிக்குப் போக வேண்டுமென்றால், ஜீப் ஓட்டும் சாலமோன் ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு வரை போவார். ஏரிக்கரையில் ஒரு டீ குடிப்பார். திரும்பி வந்து கட்டிடத்தின் பின்பக்கத்து இரும்புப் படியில் ஏறிப் பெட்டியை மாடியில் இறக்குவார். எல்லைகடந்த ஆராய்ச்சியில் மாதிரிகள் பயணம் செய்தாக வேண்டும் என்று விதி.

ஆராய்ச்சி எலிக்காய்ச்சலைப் பற்றியது. மழைக்காலத்தில் கழித் தண்ணீரில் எலியின் சிறுநீர் கலக்கும். காலில் வெட்டுக்காயத்தோடு அந்தத் தண்ணீரில் இறங்குகிறவர்களுக்குக் காய்ச்சல் வரும். நிலையத்தின் திட்டம் எளிமையானது. தென்புறத்தில் காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை. வடபுறத்தில் விழிப்புணர்வு. எது சிறந்தது என்று மூன்று வருடத்தில் தெரிந்துவிடும்.

கழிமேட்டுக்குப்பம் முகத்துவாரத்துக்கு வடக்கே இருந்தது.

ஆகவே அவர்களுக்குத் தொப்பி கொடுத்தார்கள். எலி வேஷம் கட்டிய ஒருவர் வந்து ஆடிவிட்டுப் போனார். சங்கவி வீட்டுக்கு வீடு போஸ்டர் ஒட்டினாள். காய்ச்சல், சிவந்த கண், கெண்டைக்கால் வலி என்று மூன்று படம் போட்ட போஸ்டர். டாக்டர் ஜெகதீசன் வலை காயப்போடும் மேட்டில் நின்று பேசினார். "நீங்கள் வெளியே போய் வேறு மருந்து சாப்பிட்டால், உங்களுக்கு விழிப்புணர்வால் குணமானதா மருந்தால் குணமானதா என்று எங்களுக்குக் குழப்பம் வரும். எங்களைக் குழப்பாதீர்கள்" என்று கைகூப்பிக் கேட்டுக்கொண்டார். குப்பத்தின் தலைவரான நாட்டார் தேசப்பன் எழுந்து, இந்த மழை முடிகிற மட்டும் யாரும் வெளி மருந்து தொட மாட்டோம் என்று ஊர் வாக்குக் கொடுத்தார். நாட்டார் கொடுத்த வாக்கை எவனாவது மீறினால் அந்த வீட்டோடு ஊர் கொள்வினை கொடுப்பினை வைத்துக்கொள்ளாது. அது அந்தக் கரையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்.

"ஏ எல்லைக்காரி, இன்னிக்கு எத்தினி பேரை அந்தாண்ட தாண்டவுட்ட?"

நோட்டோடு உட்கார்ந்திருந்தவளைக் கேட்டது அண்ணி பூங்கொடிதான். சங்கவியின் அண்ணன் லோகுவைக் கட்டிக்கொண்டு வந்தவள். கழியில் இறங்கி இறால் தடவிப் பிடித்து, மாமல்லபுரத்தில் ஹோட்டல்காரர்களிடம் வாயாடி விற்றுவிட்டு வருவாள். அவள் வாய்க்கு எதிர்வாய் போட அந்தக் குப்பத்தில் ஆள் கிடையாது.

சங்கவி படிக்கட்டுச் சமாச்சாரத்தைச் சொன்னாள்.

"மாடி ஏறினதுக்கு மன்னாப்புக் கடுதாசியா?" பூங்கொடி சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. "நல்ல வேளை, எங்கம்மா வூட்ல மாடி இல்ல. இருந்தா நானு எப்பவோ ஜெயிலுக்குப் போயிருப்பேன்."

வெக்கை கொதிக்கிற நேரத்தில் அவள் லோகுவின் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்ததைச் சங்கவி அப்போதுதான் கவனித்தாள்.

"இன்னா அண்ணி, குளிருதா?"

"நேத்துலேர்ந்து. ஒடம்பு முறிச்சுப் போட்டாப்ல கீது. காலைத் தொடாத, கெண்டைக்கால் உயிரு போவுது. கிளிஞ்சல் கிழிச்ச காயம் வேற."

அவள் சாய்ந்திருந்த சுவரில் சங்கவி ஒட்டிய போஸ்டர் இருந்தது. போஸ்டரில் இருந்த பொம்பளைக்கும் கண் சிவந்திருந்தது. அண்ணிக்கும் சிவந்திருந்தது.

"அண்ணி, ஆஸ்பத்திரிக்குப் போலாம் வா."

"ஊர் வாக்கு கீதே. தேசப்பன் பெரிப்பா மூஞ்சில எப்டி முழிக்கறது? உங்க ஆபீசுல இவ்ளோ பெரிய டாக்டருங்க கீறாங்கோ, அவங்களாண்டயே கேளேன்."

மறுநாள் காலையில் மன்னிப்புக் கடிதத்தைக் கொடுக்கும்போதே சங்கவி கேட்டுவிட்டாள். டாக்டர் ஜெகதீசன் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார்.

"உங்க சொந்த அண்ணியா! சங்கவி, அவங்க ஒரு பொக்கிஷம். வடக்குல முதல் கேஸ். உடனே இரத்தம் எடுத்துடுங்க. நாளைக்கு ஒண்ணு, நாளை மறுநாள் ஒண்ணு."

"மாத்திரை சார்?"

"மாத்திரை தெற்கு. வடக்குக்கு விழிப்புணர்வு. அவங்களுக்கு விழிப்புணர்வு இருக்கா?"

"இருக்கு சார். போஸ்டரைப் பாத்து, இது எலிக்காய்ச்சலாத்தான் இருக்கும்னு அவங்களே சொன்னாங்க."

"பாத்தீங்களா!" என்றார் இயக்குநர். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "வேலை செய்யுது!"

சங்கவி இரும்புப் படி வழியாக, முறைப்படி, மாடிக்குப் போனாள். டாக்டர் காசிநாதனின் மேஜைக்குப் பின்னால் கண்ணாடி பீரோவில் மாத்திரை அட்டைகள் அடுக்கடுக்காக இருந்தன. தென்புறத்தில் அந்த வருடம் இன்னும் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

அவர் மனிதர் நல்லவர். சங்கவியை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அண்ணிக்கு எத்தனை வயது, குழந்தை உண்டா என்று விசாரித்தார். இன்னும் இல்லை என்றதும் உச்சுக் கொட்டினார்.

"எனக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கும்மா. ஆனா யோசிச்சுப் பாரு. இந்தப் பீரோவுலேர்ந்து ஒரே ஒரு மாத்திரை வடக்கே போச்சுன்னா ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடும். ஒண்ணாயிட்டா அப்புறம் எல்லை எங்க இருக்கு? எல்லை இல்லேன்னா நான் எதுக்கு மாடியில உக்காந்திருக்கேன்?" அவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். "உங்க அண்ணி மட்டும் முகத்துவாரத்துக்குத் தெற்கே குடியிருந்தா, இந்த நிமிஷமே ஒரு அட்டை எடுத்துக் குடுத்திருப்பேன்."

சொன்னதைச் சொன்னபடி கொண்டுபோய்ச் சேர்ப்பது சங்கவியின் பழக்கம். ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னாள். லோகு இருந்தான். பக்கத்து வீட்டு வச்சலா கஞ்சி கொண்டுவந்திருந்தாள். காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நாட்டார் தேசப்பனும் வந்து வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"அப்ப தெக்கால இவ அக்கா வூட்ல கொண்டுபோய் வுட்டுடறேன்" என்றான் லோகு. "அங்க வந்து குடுப்பாங்கோல்ல?"

"நடுவுல குடி மாறினவங்க சேத்தி இல்லண்ணா. ஆரம்பத்துலேர்ந்து இருந்த வூட்லயே இருக்கணுமாம்."

"இன்னா பேஜாரா கீது!"

போர்வைக்குள்ளிருந்து பூங்கொடியின் குரல் வந்தது. "நானு இன்னாத்துக்கு நகர்றது? முகத்துவாரம் நகரட்டும். எப்டியும் வெட்டத்தானே போறீங்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். தேசப்பன் சிரிக்கவில்லை.

வெயில் காலம் முழுக்கக் கடல் மணலைத் தள்ளித் தள்ளி முகத்துவாரத்தை மூடிவிடும். மழை வந்தால் கழியில் தண்ணீர் நிரம்பித் தெருவுக்குள் ஏறும். அதனால் ஐப்பசி மழைக்கு முன்னால், வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு போய் மணல் திட்டை வெட்டிக் கழியைக் கடலில் விடுவது அந்தக் குப்பத்து வழக்கம். குப்பத்துக்குத் தெற்கே, வழக்கமான இடத்தில்தான் வெட்டுவார்கள். அங்கேதான் வெட்ட வேண்டும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

"வடக்கால, உடைஞ்ச படகு கீது பாரு, அந்தாண்ட வெட்டுனா?" என்றார் தேசப்பன், தனக்குத்தானே கேட்பதுபோல. "இந்த வருசம் திட்டு அங்க மெலிசாத்தான் கீது."

"வெட்டுனா முகத்துவாரம் நமக்கு வடக்கால பூடும்" என்றாள் வச்சலா. "நாம தெக்கால ஆயிடுவோம். யாரும் குடி மாறல. வாக்கும் கெடல."

"மாத்திரையும் வந்துரும்" என்றான் லோகு.

எல்லோரும் சங்கவியைப் பார்த்தார்கள். அவள் நிலையத்தின் கையேட்டை எடுத்து மூன்று தடவை படித்தாள். "முகத்துவாரமே எல்லை" என்று மட்டும்தான் போட்டிருந்தது. எந்த முகத்துவாரம் என்று இல்லை. தான் ஏதாவது பக்கத்தைத் தவறவிட்டிருப்போமோ என்று மறுபடியும் முதலிலிருந்து படித்தாள். "அப்டித்தான் போட்டுக்கீது" என்றாள் கடைசியில்.

ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு பஸ்ஸில் போவதைவிட ஒரு கழியை நகர்த்துவது சுலபம் என்று அன்று ஊரே நம்பியது. கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறவர்களுக்கு அது சுலபம்தான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து வெட்டினார்கள். வீட்டுக்கு ஒரு ஆள் என்று சொன்ன இடத்தில் வீட்டுக்கு இரண்டு ஆள் வந்தார்கள். பூங்கொடியை நாற்காலியோடு தூக்கிக் கொண்டுவந்து உடைந்த படகின் நிழலில் வைத்தார்கள். அவள் போர்வைக்குள்ளிருந்தபடி ஒவ்வொருவனையும் கேலி செய்துகொண்டிருந்தாள். "ஏ மச்சான், மண்ணை வெட்டறியா, மண்ணுக்குச் சொறிஞ்சு வுடறியா?" மதியத்துக்கு மேல் கடைசித் திட்டை உடைத்தார்கள். கழித் தண்ணீர் முதலில் ஒரு பாம்பு தடிமனில் ஊர்ந்தது. பிறகு இரண்டு பக்கக் கரையையும் தின்றுகொண்டு, பழுப்பாக, இரைந்துகொண்டு கடலில் போய் விழுந்தது. ஆட்கள் மண்வெட்டியைத் தூக்கிக் கத்தினார்கள். லோகு நெஞ்சளவு தண்ணீரில் நின்று பெண்டாட்டியைப் பார்த்துக் கையை ஆட்டினான்.

"இப்பத்திலேர்ந்து நானு தெக்கத்திக்காரி" என்றாள் பூங்கொடி. "ஏ வடக்கத்தி ஆபீசு, என்னாண்ட மருவாதியா பேசு."

சங்கவி சிரித்தாள். அன்றைக்குத் தவறு என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று அவளுக்கு முதல் தடவையாகத் தெரியவில்லை.

சனிக்கிழமை நிலையத்தில் யாரும் காலை டீ குடிக்கவில்லை. டாக்டர் ஜெகதீசன் தேசப்பனைக் கூப்பிட்டனுப்பினார்.

"எல்லையை நகர்த்த உங்களுக்கு யார் அனுமதி கொடுத்தது?"

"வருசா வருசம் வெட்றதுதான் சார். தண்ணி நிக்கும்ல."

"என்னுடைய மொத்த வடக்கும் போய்விட்டது ஐயா! தொப்பி, நாடகம், போஸ்டர் எல்லாம் போட்டு வளர்த்த வடக்கு!"

மாடியில் டாக்டர் காசிநாதனும் சந்தோஷப்படவில்லை. கேட்காமல் ஒரு குப்பமே அவர் தலையில் வந்து விழுந்திருந்தது. "இவங்க எல்லையைத் தாண்டல. எல்லைதான் இவங்களைத் தாண்டியிருக்கு. இப்படிப்பட்டவங்களுக்கு எங்ககிட்ட ஒரு வகையே இல்ல" என்று சங்கவியிடம் விளக்கினார். சாயங்காலத்துக்குள் அந்த வகையையும் உண்டாக்கிவிட்டார்கள்: நகராமலே புலம்பெயர்ந்தோர். அவர்களை எந்தப் பக்கத்தில் சேர்ப்பது என்று முடிவு செய்ய எல்லை நிர்ணயக் குழு அமைத்தார்கள். குழு புதிய முகத்துவாரத்தை வானத்திலிருந்து படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றது. வானத்தில் மேகம் இருந்தது. மேகம் விலகும் வரை கழிமேட்டுக்குப்பம் எந்தப் பக்கத்தையும் சேர்ந்ததல்ல என்று சுற்றறிக்கை வந்தது. எந்தப் பக்கத்தையும் சேராதவர்களுக்கு மாத்திரை கிடையாது. விழிப்புணர்வும் கிடையாது. ஒட்டியிருந்த போஸ்டர்களை உரித்து எடுக்கும் வேலையைச் சங்கவிக்குக் கொடுத்தார்கள்.

"அதுவரைக்கும் வெளி மருந்து சாப்பிடலாமா சார்?" என்று அவள் கேட்டாள்.

"அதெப்படி?" என்றார் டாக்டர் ஜெகதீசன். "எந்தப் பக்கம்னு தெரிஞ்சாத்தானே சாப்பிட்டதை எந்தப் பக்கக் குழப்பம்னு கணக்கெழுத முடியும்?"

அவள் ஞாயிற்றுக்கிழமை முழுக்க உரித்தாள். தன் வீட்டுச் சுவரைக் கடைசிக்கு வைத்திருந்தாள். உரிக்கும்போது பூங்கொடி கண்ணைத் திறந்து பார்த்தாள். அன்று அவள் வாயைத் திறக்கவில்லை. அதுதான் சங்கவிக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை காலையில் லோகு வந்து எழுப்பினான். "சங்கவி, ஓடியா. கண்ணு மஞ்சளாயிடுச்சு. ஒண்ணுக்கே போவல."

சாலமோன் அந்த நேரத்தில்தான் அன்றைய இரத்தப் பெட்டியோடு குப்பம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். சங்கவி ஜீப்பின் முன்னால் போய் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். பின்னால் பெண்டாட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்த லோகுவைப் பார்த்தார்.

"ஏத்து ஏத்து. பெட்டிய நீ மடில வெச்சிக்கோ."

சாலை முனையில் தேசப்பன் நின்றுகொண்டிருந்தார். ஜீப் கிட்டே வந்ததும் அவர் திரும்பிக் கடலைப் பார்த்து நின்றுகொண்டார். எதையும் பார்க்காத ஒருவர் யாரையும் தள்ளிவைக்க வேண்டியதில்லை.

பெட்டி மடியில் குளிர்ந்துகொண்டிருந்தது. அதில் அண்ணியின் குப்பியும் இருந்தது. அண்ணியின் இரத்தம் அதே வழியில், அதே ஜீப்பில், அதற்கு முன்னாலும் செங்கல்பட்டுக்குப் போய்வந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டித்தான் போயிருந்தது. ஏரி தெரிந்தபோது பூங்கொடி தலையைக் கொஞ்சம் தூக்கினாள்.

"சாலமோன் அண்ணாத்த... என் ரத்தம் டீ குடிக்க வர்ற எடம் இதானா?"

"ஆமாம்மா" என்றார் சாலமோன். ஏரிக்கரையில் நிறுத்தாமல் வேகத்தைக் கூட்டினார்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டார்கள். இளவயது டாக்டர் ஒருவர் ஓடியாடி ஊசி போட்டார், குழாய் போட்டார், சிறுநீரகத்துக்கு மெஷின் ஏற்பாடு செய்தார். நடுவில் ஒருமுறை சங்கவியிடம், "காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது?" என்று கேட்டார். அவள் தேதியைச் சொன்னாள். "இதுவரைக்கும் என்ன குடுத்தீங்க?" என்றார். "விழிப்புணர்வு" என்ற வார்த்தை அவள் நாக்கு நுனி வரை வந்தது. "ஒண்ணும் குடுக்கல சார்" என்றாள். அவர் அவளைத் திட்டுவார் என்று காத்திருந்தாள். அவர் திட்டவில்லை. தலையைக் குனிந்து எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை விடிகிற நேரத்தில் பூங்கொடி போய்விட்டாள்.

தீபாவளிக்கு நான்கு நாள் இருந்தது. குப்பத்தில் யாரும் பட்டாசு வாங்கவில்லை. புது முகத்துவாரத்தில் தண்ணீர் நன்றாக ஓடியது. மழை பெய்தும் தெருவுக்குள் ஒரு சொட்டு ஏறவில்லை. இந்த வருஷம் நல்லா வெட்டிட்டோம் என்று யாராவது சொல்ல வாயெடுத்தால், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்து அழுத்துவார். லோகு கடலுக்குப் போகாமல் உடைந்த படகுப் பக்கம் போய் உட்கார்ந்திருப்பான். சாப்பிடக் கூப்பிட்டால் வருவான். வராவிட்டால் வச்சலா தட்டை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள்.

தீபாவளி முடிந்து அந்த வெள்ளிக்கிழமை நிலையத்தில் மீளாய்வுக் கூட்டம் நடந்தது. நிதி கொடுக்கும் அமைப்பின் ஆட்கள் திரையில் தெரிந்தார்கள். கூட்டம் எந்தப் பக்கத்தில் நடந்தாலும் மறுபக்கம் கோபித்துக்கொள்ளும் என்பதால் தோட்டத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். டாக்டர் ஜெகதீசன் எழுந்தார்.

"நண்பர்களே, நம்முடைய ஆராய்ச்சி மனிதாபிமானத்தில் வேரூன்றியது. இந்தப் பருவத்தில் வடபுறத்தில் நிகழ்ந்த மரணம்: பூஜ்யம். தென்புறத்தில் நிகழ்ந்த மரணம்: பூஜ்யம். மாத்திரையும் சரி, விழிப்புணர்வும் சரி, இரண்டும் நூற்றுக்கு நூறு வெற்றி பெற்றிருக்கின்றன."

திரையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். சத்தம் சற்றுத் தாமதமாக வந்தது.

சங்கவி எழுந்து நின்றாள். நின்ற பிறகுதான், நிற்பது சரியா என்று சந்தேகம் வந்தது. ஆனாலும் உட்காரவில்லை.

"சார், எங்க அண்ணி செத்துட்டாங்க சார்."

டாக்டர் ஜெகதீசன் கனிவாக அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியும்மா. எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா அவங்க இறந்தப்போ முகத்துவாரம் அவங்களுக்கு வடக்கே இருந்தது. அதனால அவங்க வடக்கு இல்ல."

"நோய் வந்தப்போ அவங்க வடக்குலதான் பதிவாகியிருந்தாங்க" என்றார் டாக்டர் காசிநாதன். "அதனால அவங்க தெற்கும் இல்ல. மேகம் இன்னும் விலகலையேம்மா."

"அப்ப அவங்க எங்க செத்தாங்க சார்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவர்கள் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது அப்போதுதான்.

"அதைத்தான் நாங்க ஆராயப் போறோம்!" என்றார் டாக்டர் ஜெகதீசன். அவர் முகம் பிரகாசமாகிவிட்டது. திரையைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "நண்பர்களே, உலகத்தில் எங்குமே ஆராயப்படாத ஒன்றை எங்கள் நிலையம் கண்டுபிடித்திருக்கிறது. நகரும் எல்லை! இதற்கு இரண்டாம் கட்டமாக இன்னும் ஐந்து வருடம் தேவைப்படும்."

திரையில் மறுபடி கைதட்டினார்கள். மறைந்த பங்கேற்பாளருக்காக இரண்டு நிமிட மௌனம் அனுசரிக்கப்பட்டது. ஒரு நிமிடம் வடபுறத்தார் நின்றார்கள். அவர்கள் உட்கார்ந்ததும் தென்புறத்தார் எழுந்து ஒரு நிமிடம் நின்றார்கள். சங்கவி இரண்டு நிமிடமும் நின்றாள். பிறகு கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டு, வெளியே வந்து, சாலையைக் கடந்து பஸ்ஸுக்காக நின்றாள்.

வீட்டு வாசலில் தேசப்பன் காத்திருந்தார். உட்கார நாற்காலி கேட்கவில்லை.

"சங்கவி... எங்கூட்ல பாப்பாக்கு நேத்துலேர்ந்து காய்ச்சல். கெண்டைக்கால் நோவுதுன்றா."

பாப்பா அவருடைய மனைவி. சங்கவி அவளைப் பெரியம்மா என்று கூப்பிடுவாள்.

"வச்சலா வூட்டாண்டயும் போயிட்டு வந்தேன். அதுவும் சுருண்டு படுத்துக்கினு கீது."

"ஊர் வாக்கு கீதே பெரிப்பா" என்றாள் சங்கவி. குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அவர் போஸ்டர் உரித்து வெளுத்துப்போன சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"குடுத்த வாயி என்துதான். ஊராண்ட நானே சொல்லிக்கறேன். தள்ளி வெக்கறதுன்னா மொதல்ல என்னை வெக்கட்டும்." தோளில் கிடந்த துண்டை எடுத்து மறுபடி அதே தோளில் போட்டார். "அந்தப் பொண்ணை ஜீப்புல தூக்கினு போனப்ப... நானு அந்தப் பக்கம் திரும்பி நின்னேன் பாரு..."

சங்கவி உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்துவிட்டுச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். லோகு படகுப் பக்கமிருந்து எழுந்து வந்து, அவர் கையிலிருந்து செம்பை வாங்கிக்கொண்டான்.

"எத்தினி மணிக்கு பஸ்ஸு?" என்று கேட்டான் தங்கையிடம்.

2025 அக்டோபர் 24, வெள்ளி.

இன்று வேலையை விட்டு வந்துவிட்டேன்.

நாளைய வேலை: முதல் பஸ்ஸில் பாப்பா பெரியம்மாவையும் வச்சலா அக்காவையும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போக வேண்டும். லோகு அண்ணன் கூட வருகிறான். திரும்பி வந்ததும் வடக்குத் தெரு, தெற்குத் தெரு இரண்டிலும் எல்லா வீட்டிலும் யாருக்குக் காய்ச்சல் என்று கேட்க வேண்டும். இருந்தால் அவர்களை அடுத்த பஸ்ஸில் அழைத்துப் போக வேண்டும்.